முள்ளந்தண்டு முறிந்தால்: சத்திரசிகிச்சை எதைச் செய்யும், எதைச் செய்யாது?

முள்ளந்தண்டில் அடிபட்டு வைத்தியசாலைக் கட்டிலில் கிடக்கும் ஒருவரின் குடும்பத்தார் வைத்தியரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "டொக்டர், இவர் திரும்ப நடப்பாரா?" வைத்தியர் தயங்கித் தயங்கி, "இப்பவே சொல்ல ஏலாது, பொறுத்துப் பார்ப்போம்" என்கிறார். ஆனால் வார்ட்டுக்கு வெளியே பதில் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஒருவர் நாட்டு வைத்தியரைச் சொல்வார். இன்னொருவர் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றின் வீடியோவை வட்ஸ்அப்பில் அனுப்புவார். வைத்தியரின் தயக்கம் பலவீனமாகவும், வீடியோவின் உறுதி அறிவாகவும் தெரிகின்ற நேரம் அது.

அந்த நேரத்தில் எடுக்கப்படும் முடிவுகளால் காணி விற்கப்படுகிறது. நகை அடகுக்குப் போகிறது. பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பின் வசூல் நடக்கிறது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அந்தப் பணம் எங்கே போனது என்றே தெரியாமல், நோயாளி படுக்கைப் புண்ணுடன் ஒரு அறைக்குள் கிடக்கும் நிலையும் ஏற்படுகிறது. எனவே மருத்துவ ஆய்வுகள் இந்த விடயத்தில் உண்மையில் எதைக் கண்டறிந்துள்ளன, எதை இன்னும் நிரூபிக்கவில்லை என்பதைச் சாதாரண வாசகரும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

எலும்பு வேறு, முண்ணாண் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். முள்ளந்தண்டு என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட எலும்புகளின் கோவை. அதன் நடுவே உள்ள குழாய் போன்ற பாதையில் மூளையிலிருந்து இறங்கி வருவது முள்ளந்தண்டு வடம். பாடசாலை விஞ்ஞானப் புத்தகம் இதை முண்ணாண் என்று சொல்கிறது. சுண்டு விரல் அளவு தடிப்பும், வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 45 சென்றிமீற்றர் நீளமும் கொண்ட இந்த வடத்தின் வழியாகத்தான் "காலை அசை" என்ற கட்டளை கீழே போகிறது. "கால் சுடுகிறது" என்ற செய்தி மேலே வருகிறது. சிறுநீர், மலம், வியர்வை, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் கட்டுப்பாடும் இதே வழியில்தான் நடக்கிறது.

எலும்பு முறிந்தால் பொருந்தும். முண்ணாண் நசுங்கினால் அப்படிப் பொருந்துவதில்லை. கை, கால்களில் ஓடும் நரம்புகள் சேதமடைந்தால் மெதுவாகவேனும் மீண்டும் வளரக்கூடியவை. மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்பு நார்களுக்கு அந்த ஆற்றல் மிக மிகக் குறைவு. இதனால்தான், "எலும்பு சரியாகிவிட்டது என்று எக்ஸ்ரே காட்டுகிறதே, பிறகு ஏன் கால் அசையவில்லை?" என்ற கேள்வி பல குடும்பங்களை வருடக்கணக்கில் வாட்டுகிறது.

பாதிப்பு எவ்வளவு என்பதை அடிபட்ட இடம் தீர்மானிக்கிறது. கழுத்தில் அடிபட்டால் கை, கால் நான்கும் பாதிக்கப்படலாம். கழுத்தின் மேற்பகுதி என்றால் சுவாசமே தடைப்படலாம். நெஞ்சு, இடுப்புப் பகுதி என்றால் கைகள் தப்பும், கால்கள் பாதிக்கப்படும். அடுத்து முக்கியமானது பாதிப்பு முழுமையானதா, பகுதியளவானதா என்பது. வைத்தியர்கள் இதை ஏ முதல் ஈ வரையான ஐந்து தரங்களாகப் பிரிக்கிறார்கள். ஏ என்றால் மலவாயில் பகுதி உட்பட முண்ணாணின் கடைசி நுனிவரை உணர்வும் அசைவும் இல்லை. ஈ என்றால் உணர்வும் அசைவும் வழமைக்குத் திரும்பிவிட்டன. பி, சி, டி மூன்றும் இடைப்பட்ட நிலைகள். ஆரம்பத்தில் எந்தத் தரம் என்பதுதான் பின்னர் எவ்வளவு தேறலாம் என்பதற்கு மிக வலுவான அறிகுறி. அடிபட்ட முதல் மணித்தியாலங்களில் முண்ணாண் அதிர்ச்சியில் இருப்பதால் அப்போது செய்யும் பரிசோதனை ஏமாற்றக்கூடும். சில நாட்கள் கழித்துச் செய்யும் பரிசோதனை அதைவிட நம்பகமானது. வைத்தியர் "பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

விபத்து நடந்த இடத்தில்

எங்கள் ஊர்களில் இந்தக் காயம் வரும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மோட்டார் சைக்கிள் விபத்து, தென்னை மரத்திலிருந்து விழுதல், கட்டட வேலைத்தளத்தில் தவறி விழுதல், ஆழமில்லாத நீரில் தலைகீழாகப் பாய்தல். விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, முச்சக்கர வண்டியில் மடித்து உட்கார வைத்துக்கொண்டு ஓடுவது நமது வழக்கம். நல்லெண்ணத்தில் செய்யப்படும் இந்த உதவி, முறிந்த எலும்பை நகர்த்தி, தப்பியிருந்த முண்ணாணையும் நசுக்கிவிடலாம்.

உயரத்திலிருந்து விழுந்தவர், வேகமாக மோதுண்டவர், கழுத்தோ முதுகோ நோகிறது என்பவர், கை கால் விறைத்துவிட்டது என்பவர், நினைவிழந்தவர் ஆகியோருக்கு முள்ளந்தண்டில் காயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தீ, நீர், வாகனம் போன்ற ஆபத்து இல்லாவிட்டால் அவரை அசைக்காமல், தலையை இரு கைகளாலும் நேராகப் பிடித்தபடி 1990 சுவசெரிய அம்பியூலன்சை அழைக்க வேண்டும். வாந்தி எடுத்தாலோ வேறு காரணத்தாலோ திருப்ப வேண்டி வந்தால், மூன்று நான்கு பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு, கால் அனைத்தும் ஒரு மரக்குற்றியைப் போல் ஒரே நேரத்தில் திரும்பும்படி செய்ய வேண்டும். குடிக்கத் தண்ணீர் கொடுக்கக்கூடாது.

சத்திரசிகிச்சை செய்யும் வேலை

முண்ணாண் காயம் இரண்டு கட்டங்களில் நிகழ்கிறது. முதலாவது, மோதிய கணத்தில் ஏற்படும் நேரடிச் சேதம். அதை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. இரண்டாவது, அடுத்து வரும் மணித்தியாலங்களிலும் நாட்களிலும் ஏற்படும் வீக்கம், இரத்த ஓட்டக் குறைவு, அழற்சி ஆகியவற்றால் சேதம் பரவுவது. மருத்துவம் தலையிடக்கூடியது இந்த இரண்டாம் கட்டத்தில்தான். இரத்த அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வதும், போதிய ஒட்சிசன் கிடைக்கச் செய்வதும் இதனால்தான் சத்திரசிகிச்சை அளவுக்கு முக்கியம் பெறுகின்றன.

சத்திரசிகிச்சை நிபுணர் இரண்டு வேலைகளைச் செய்கிறார். முண்ணாணை அழுத்திக்கொண்டிருக்கும் எலும்புத் துண்டு, இடைத்தட்டு, இரத்தக்கட்டு ஆகியவற்றை அகற்றி அதற்கு இடம் கொடுக்கிறார். பின்னர் ஆடும் எலும்புகளைத் திருகாணிகளாலும் கம்பிகளாலும் நிலைப்படுத்துகிறார். அறுந்த வடத்தை ஒட்டித் தைக்கும் சத்திரசிகிச்சை இன்றுவரை உலகில் எங்கும் இல்லை. "ஒபரேஷன் வெற்றி" என்று வைத்தியர் சொன்னால், அழுத்தம் நீங்கியது, எலும்பு நிலைத்தது என்பதே அதன் பொருள். நோயாளி நடப்பார் என்ற வாக்குறுதி அதில் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை முதல் நாளிலேயே குடும்பத்துக்கு விளக்கினால் பின்னர் வரும் பல மனக்கசப்புகளைத் தவிர்க்கலாம்.

எவ்வளவு விரைவில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்பது நீண்டகால விவாதம். 2012இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்று கழுத்து முண்ணாண் காயமுற்ற 313 பேரைச் சேர்த்துக்கொண்டது. 24 மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 20 பேர் ஆறு மாதத்தில் இரண்டு தரங்களோ அதற்கு மேலோ முன்னேறியிருந்தனர். தாமதமாகப் பெற்றவர்களில் இது நூற்றுக்கு 9 பேர் அளவே. 2021இல் த லான்செட் நியூரோலொஜி சஞ்சிகையில் வந்த ஆய்வு, நான்கு தரவுத் தொகுதிகளிலிருந்து 1,548 நோயாளிகளின் விபரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்து, 24 மணித்தியாலங்களுக்குள் செய்வதே நல்லது என்ற அதே திசையைக் காட்டியது. 2023இல் வந்த ஐரோப்பிய ஆய்வு 12 மணித்தியாலங்களுக்குள் செய்ததையும் அதற்குப் பின் செய்ததையும் ஒப்பிட்டது. உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் எதையும் அது காணவில்லை.

ஏன் இந்த முரண்பாடு? இந்த ஆய்வுகளில் எதுவும் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, "நீ இன்று, நீ மூன்று நாள் கழித்து" என்று செய்யவில்லை. அப்படிச் செய்வது நியாயமும் இல்லை. எனவே சீக்கிரம் சத்திரசிகிச்சை பெற்றவர்கள் வேறு வகையிலும் அதிர்ஷ்டசாலிகளாக இருந்திருக்கலாம்: இளவயது, வேறு காயங்கள் இல்லாமை, பெரிய வைத்தியசாலைக்கு அருகில் இருந்தமை. ஆய்வாளர்கள் கணக்கீடுகள் மூலம் இதைச் சரிசெய்ய முயன்றாலும் முழுமையாக நீக்க முடியாது. ஆனாலும் மொத்த ஆதாரத்தையும் வைத்துப் பார்த்தால், நோயாளியின் உடல்நிலை இடம் கொடுத்தால் 24 மணித்தியாலங்களுக்குள் அழுத்தத்தை நீக்குவதே சிறந்தது என்பது இன்றைய பரவலான மருத்துவக் கருத்து. நமக்கு இதன் பொருள் எளிது. "காலையில் பார்ப்போம்" என்று வீட்டில் வைத்துக்கொள்வதற்கும், எண்ணெய் பூசிக் கட்டுப் போடுவதற்கும் இந்தக் காயத்தில் நேரமே இல்லை.

ஒரு மருந்தின் கதை

ஆய்வு என்பது ஏன் அவசியம் என்பதற்கு மெதில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தின் கதை நல்ல உதாரணம். 1990இல் அமெரிக்காவில் 487 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. மொத்த நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய பலன் இல்லை. ஆனால் விபத்து நடந்து 8 மணித்தியாலங்களுக்குள் மருந்து பெற்றவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது சிறிய முன்னேற்றம் தெரிந்தது. வேறு எதுவுமே இல்லாத நோய்க்கு ஏதோ ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில் உலகெங்கும் வைத்தியர்கள் இந்த மருந்தைக் கொடுக்கத் தொடங்கினர்.

பின்னர் கேள்விகள் எழுந்தன. தரவுகளைப் பல துண்டுகளாகப் பிரித்துப் பார்த்தால் ஏதாவது ஒரு துண்டில் தற்செயலாக நல்ல முடிவு தெரியவே செய்யும். மறுபக்கம், அதிக அளவு ஸ்டீரொய்ட் தொற்றுகளையும் குடல் இரத்தப்போக்கையும் அதிகரிக்கக்கூடியது. 2013இல் அமெரிக்க நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர்களின் வழிகாட்டல், இந்த மருந்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்னது. 2017இல் வேறொரு சர்வதேச நிபுணர் குழு, 8 மணித்தியாலங்களுக்குள் என்றால் ஒரு தெரிவாக வைத்துக்கொள்ளலாம் என்றது. "மற்ற ஆஸ்பத்திரியில் அந்த ஊசியைப் போட்டார்களாம், இங்கே போடவில்லை" என்று தாதியரோடும் வைத்தியரோடும் சண்டை பிடிக்கும் முன், அந்த ஊசியின் பலன் நிபுணர்களுக்கிடையிலேயே தீராத விவாதம் என்பதை அறிந்துகொள்வது நல்லது.

ஜீஎம்-1 என்ற இன்னொரு மருந்துக்கு நேர்ந்தது இதைவிடத் தெளிவானது. 1991இல் சுமார் 35 நோயாளிகளிடம் செய்த சிறிய ஆய்வில் அது மிகுந்த நம்பிக்கை தந்தது. அதை உறுதிப்படுத்த 700க்கும் மேற்பட்ட நோயாளிகளோடு பெரிய ஆய்வு நடந்தது. 2001இல் முடிவு வந்தபோது, எதிர்பார்த்த பலன் நிரூபிக்கப்படவில்லை. சிறிய ஆய்வில் பிரகாசித்தது பெரிய ஆய்வில் மங்கிப்போனது.

"அவர் எழுந்து நடந்தாரே!"

இங்கே ஒரு முக்கிய உண்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். முண்ணாண் காயமுற்ற பலர் எந்த விசேட மருந்தும் இல்லாமலேயே ஓரளவு தேறுகிறார்கள். இந்த இயல்பான தேறுதல் முதல் மூன்று மாதங்களில் வேகமாகவும், பின்னர் ஒன்றரை வருடம் வரையும் சிலரில் அதற்கு மேலும் மெதுவாகவும் நடக்கிறது. பகுதியளவு காயம் என்றால் வாய்ப்பு இன்னும் அதிகம். டி தரத்தில் உள்ளவர்களில் பெரும்பாலோர் மீண்டும் நடக்கிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். விபத்து நடந்து ஒரு மாதத்தில் ஒருவர் ஒரு விசேட சிகிச்சை பெறுகிறார். மூன்று மாதத்தில் கால் விரல் அசைகிறது. சிகிச்சையாலா, இயல்பாகவா? அந்த ஒருவரை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அவரைப் போன்ற பலரை இரு குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்குச் சிகிச்சை கொடுத்து, மற்றக் குழுவுக்குக் கொடுக்காமல், யாருக்கு எது கிடைத்தது என்று தெரியாத ஒருவர் பரிசோதித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். வீடியோவில் எழுந்து நிற்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவர் உண்மையாகவே தேறியிருக்கலாம். எதனால் தேறினார் என்பதுதான் வீடியோவுக்குத் தெரியாது.

ஸ்டெம் செல்: எதிர்பார்ப்பும் வியாபாரமும்

நம்மவர்களின் வசூல் பணம் அதிகம் குறிவைக்கப்படுவது இங்கேதான். ஸ்டெம் செல் என்பது வேறு வகைக் கலங்களாக மாறும் ஆற்றல் கொண்ட கலம். சேதமடைந்த முண்ணாணுக்கு இதைக் கொண்டு உதவ முடியுமா என்று தரமான பல்கலைக்கழகங்கள் ஆராய்கின்றன. ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகம் இத்தகைய கலங்களிலிருந்து உருவாக்கிய நரம்புக் கலங்களை 2021இன் இறுதியில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செலுத்தியது. 2025இல் நான்கு நோயாளிகளின் முடிவை அறிவித்தபோது, கடுமையான பக்கவிளைவு இல்லை, இருவரிடம் அசைவில் முன்னேற்றம் தெரிந்தது என்றது. நல்ல செய்திதான். ஆனால் நான்கு பேர், ஒப்பிட வேறு குழு இல்லை. பலனை நிரூபிக்கப் பெரிய ஆய்வு தேவை.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2024இல் பத்து நோயாளிகளின் முடிவை வெளியிட்டது. கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களைச் செலுத்தியதில் ஏழு பேர் தரத்தில் முன்னேறியிருந்தனர். இதுவும் பாதுகாப்பைச் சோதிக்கும் முதற்கட்ட ஆய்வே.

இந்த ஆய்வுகளின் பெயரைச் சொல்லி, ஆய்வே நடத்தாமல், இலட்சக்கணக்கில் அறவிட்டு ஊசி போடும் நிலையங்கள் பல நாடுகளில் உள்ளன. ஆபத்தும் கற்பனையல்ல. மூக்கின் உட்சவ்விலிருந்து எடுத்த கலங்களைப் போர்த்துக்கல் நாட்டில் முண்ணாணில் பதித்துக்கொண்ட இளம்பெண் ஒருவருக்கு, எட்டு வருடங்கள் கழித்து அதே இடத்தில் சளி சுரக்கும் கட்டி வளர்ந்து, அதைச் சத்திரசிகிச்சை மூலம் அகற்ற வேண்டி வந்தது. 2014இல் மருத்துவச் சஞ்சிகையில் இது பதிவாகியுள்ளது. நம்மவர்கள் அதிகம் நாடிச் செல்லும் இந்தியாவிலும், இரத்தம் சார்ந்த குறிப்பிட்ட சில நோய்கள் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல் சிகிச்சையை முறையான ஆய்வுக்குள் மட்டுமே செய்யலாம் என்று அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது.

வெளிநாட்டுச் சிகிச்சைக்காக யாராவது வசூலுக்கு வந்தால், பணம் கொடுப்பவரும் பள்ளிவாசல் நிர்வாகமும் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு:

1. இது ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் எங்கே பதிவு செய்யப்பட்டுள்ளது, எந்த ஒழுக்கநெறிக் குழு அனுமதித்தது?
2. ஆய்வு என்றால் ஏன் நோயாளியிடம் பணம் கேட்கிறார்கள்? முறையான ஆய்வுகள் பொதுவாகப் பரீட்சார்த்த சிகிச்சைக்குக் கட்டணம் அறவிடுவதில்லை.
3. இதுவரை எத்தனை பேருக்குச் செய்தார்கள்? ஒப்பீட்டுக் குழு இருந்ததா? முடிவு எந்த மருத்துவச் சஞ்சிகையில் வந்தது?
4. பக்கவிளைவு வந்தால் பொறுப்பு யார்? நாடு திரும்பிய பின் யார் பார்ப்பார்கள்?
5. முண்ணாண் காயம், பாரிசவாதம், ஓட்டிசம், நீரிழிவு எல்லாவற்றுக்கும் ஒரே ஊசியா? அப்படியென்றால் விலகி நிற்பதே நல்லது.

இன்னொன்றும் உண்டு. இத்தகைய ஊசியைப் போட்டுக்கொண்டவர்களை, நாளை வரக்கூடிய உண்மையான ஆய்வுகள் பல சேர்த்துக்கொள்வதில்லை. அவசரத்தில் வாங்கிய நம்பிக்கை, பின்னால் வரும் வாய்ப்பையும் அடைத்துவிடலாம்.

வீட்டுக்கு வந்த பின் ஏற்படும் மரணங்கள்

முண்ணாண் காயமுற்றவர்களின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் காயமல்ல. இதை மிகத் தெளிவாகக் காட்டியது நம்மைப் போன்ற வசதிகளே கொண்ட பங்களாதேஷ். டாக்காவுக்கு அருகே சாவாரில் பக்கவாதமுற்றோர் புனர்வாழ்வு நிலையம் இருக்கிறது. பிரித்தானியப் பிசியோதெரபிஸ்ட் வலெரி டெய்லர் 1979இல் ஆரம்பித்தது. அங்கே வருபவர்களில் பலர் மரத்திலிருந்து விழுந்தவர்கள், தலையில் பாரம் சுமந்து போகும்போது சறுக்கி விழுந்தவர்கள்.

அந்த நிலையத்திலிருந்து வீடு திரும்பியவர்களை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தபோது, சக்கர நாற்காலியை நம்பியிருந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இரண்டு வருடத்துக்குள் மரணித்திருந்தார். முக்கிய காரணம் படுக்கைப் புண்ணிலிருந்து இரத்தத்தில் பரவிய தொற்று. சத்திரசிகிச்சையில் தப்பியவர், தோலில் ஏற்பட்ட புண்ணால் இறந்தார்.

இதைத் தடுக்க, வீடு திரும்பியவர்களைத் தொடர்ச்சியான தொலைபேசி அழைப்புகள் மூலமும் வீட்டுக்கே சென்றும் பராமரித்தால் மரணம் குறையுமா என்று 410 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். குறையும் என்றே எல்லோரும் எதிர்பார்த்தனர். முடிவில் இரு குழுக்களிலும் மரணம் கிட்டத்தட்ட சமமாக, நூற்றுக்கு 7 அல்லது 8 பேராக இருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இதைச் செய்திருந்தால், "ஐந்தில் ஒருவராக இருந்த மரணத்தை எங்கள் திட்டம் பெருமளவு குறைத்துவிட்டது" என்று பெருமையோடு அறிவித்திருப்பார்கள். அது தவறான பெருமையாக இருந்திருக்கும். நல்லெண்ணம் கொண்ட திட்டத்தைக்கூட நேர்மையாகச் சோதித்து, "எதிர்பார்த்த பலன் இல்லை" என்று வெளிப்படையாகச் சொன்ன அந்த ஆய்வாளர்களின் நேர்மை, ஊசி வியாபாரிகளிடம் நாம் காணாத ஒன்று.

தோலும் சிறுநீர்ப்பையும்

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் முண்ணாண் முறிந்தவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் குறுகிய காலத்தில் இறந்தனர். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் லுட்விக் குட்மன் என்ற வைத்தியர் அதை மாற்றினார். அவரிடம் புது மருந்து ஏதும் இருக்கவில்லை. நோயாளியை இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தார். சிறுநீர்ப்பையைக் கவனமாகப் பராமரித்தார். கட்டிலிலிருந்து இறக்கி வேலையும் விளையாட்டும் கொடுத்தார். 1948இல் அங்கே 16 பேருடன் தொடங்கிய வில்வித்தைப் போட்டியே பின்னர் பராலிம்பிக் விளையாட்டுகளாக வளர்ந்தது.

அந்தப் பாடம் இன்றும் மாறவில்லை. உணர்வில்லாத தோல் வலியைச் சொல்லாது. எனவே படுக்கையில் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். நாற்காலியில் இருப்பவர் கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை கைகளை ஊன்றித் தன்னை உயர்த்தியோ சாய்ந்தோ அழுத்தத்தை நீக்க வேண்டும். காலையும் மாலையும் பிட்டம், இடுப்பு, குதிகால் ஆகியவற்றைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும். சிவந்த இடம் அழுத்தம் நீக்கியும் மறையாவிட்டால் அது புண்ணின் ஆரம்பம். அந்த இடத்தில் மீண்டும் பாரம் படவிடக்கூடாது. வெறுந்தரையில் நீண்ட நேரம் அமர்ந்து தொழுபவர்களும் ஓதுபவர்களும் மெத்தை போன்ற தடித்த விரிப்பைப் பயன்படுத்துவது அவசியம்.

சிறுநீருக்கு நிரந்தரக் குழாயைவிட, சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை தானாகவே கதீட்டரைச் செலுத்தி வெளியேற்றும் முறை பலருக்கும் பொருத்தமானது. கைகளை நன்றாகக் கழுவிச் சுத்தமாகச் செய்தாலே போதும் என்பதை அமெரிக்க வைத்தியர் லாப்பிடஸ் 1972இலேயே எடுத்துக்காட்டினார். யாருக்கு எந்த முறை என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். நோன்பு நோற்க விரும்புபவர்கள் நீரின் அளவையும் மருந்து நேரத்தையும் முன்கூட்டியே வைத்தியரிடம் பேச வேண்டும். கதீட்டர் இருப்பதால் தொழ முடியாது என்று தாமாகவே முடிவு செய்து ஒதுங்கியிருப்பவர்கள், தகுதியான உலமா ஒருவரிடம் கேட்டு விளக்கம் பெறலாம். வெட்கத்தில் கேட்காமலேயே வருடங்களைக் கடத்துபவர்கள் நம்மிடையே உண்டு.

ஒரு அவசர நிலையையும் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருக்க வேண்டும். மேல் நெஞ்சிலோ கழுத்திலோ காயமுற்றவருக்குத் திடீரெனத் தலை இடிப்பது போல் வலி, முகம் சிவத்தல், வியர்வை ஏற்பட்டால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். பெரும்பாலும் காரணம் நிறைந்த சிறுநீர்ப்பை, மடங்கிய கதீட்டர் அல்லது மலச்சிக்கல். உடனே நேராக உட்கார வைத்து, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, குழாயைச் சரிபார்க்க வேண்டும். குறையாவிட்டால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பெனடோல் கொடுத்துப் படுக்க வைப்பது ஆபத்து.

புதிய நம்பிக்கை எங்கே?

கடந்த சில வருடங்களில் மின்தூண்டல் மூலம் நல்ல செய்திகள் வந்துள்ளன. முண்ணாணின் மேல் மின்முனைகளைப் பொருத்தி, கடுமையான பயிற்சியோடு சேர்த்துச் செய்தபோது, நீண்டகாலம் நடக்காத சிலர் துணையோடு அடி எடுத்து வைத்ததைச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2018இல் அறிவித்தனர். கழுத்தின் தோலுக்கு மேலாக, சத்திரசிகிச்சை இன்றி மின்தூண்டல் கொடுக்கும் இன்னொரு கருவி 60 பேரிடம் சோதிக்கப்பட்டது. அவர்களில் நூற்றுக்கு 72 பேருக்குக் கைகளின் பலமும் செயற்பாடும் மேம்பட்டதாக 2024இல் முடிவு வெளியானது. அதே வருட இறுதியில் அமெரிக்க அதிகார சபை அதற்கு அனுமதி அளித்தது. இந்த ஆய்விலும் தனியான ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதில் கவனிக்க வேண்டியது, பலன் கைகளில் என்பது. கோப்பையைப் பிடிப்பது, சட்டைப் பொத்தானைப் போடுவது போன்றவை வெளியாருக்குச் சிறியவை. கழுத்து முறிந்தவருக்கு இன்னொருவரின் உதவியின்றி வாழும் ஒரு நாள் அது.

வசூல் பணத்தால் என்ன செய்யலாம்?

நமது நாட்டில் அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை இலவசம். ராகமையில் புனர்வாழ்வுக்கென்றே வைத்தியசாலை இருக்கிறது. வீட்டுக்கு வந்த பின் தேவைப்படுபவைதான் குடும்பத்தின் தலையில் விழுகின்றன: காற்று மெத்தை, உடலுக்கு அளவான சக்கர நாற்காலியும் அதற்கான குஷனும், கதீட்டர், கிளினிக்குக்குப் போய்வர வாகனச் செலவு, அகலமான கதவுள்ள கழிப்பறை, வாசற்படியில் ஒரு சரிவுப் பாதை. ஒரு வெளிநாட்டு ஊசிக்கு வசூலிக்கும் தொகையில் பல குடும்பங்களுக்கு இவை அனைத்தையும் செய்து கொடுக்கலாம். இவற்றின் பலன் சந்தேகத்துக்குரியதல்ல.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் செய்யக்கூடிய இன்னொரு காரியம், நுழைவாயிலிலும் வுழூச் செய்யும் இடத்திலும் சரிவுப் பாதை அமைப்பது. அடிபட்டதோடு ஜும்ஆவுக்கு வருவதை நிறுத்தியவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். இரண்டு படிகள் அவரை ஜமாஅத்திலிருந்து பிரித்து வைத்திருக்கின்றன. கடையில் கணக்குப் பார்ப்பது, கைத்தொலைபேசி திருத்துவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது போன்ற இருந்த இடத்திலிருந்து செய்யும் தொழிலுக்கு உதவுவது, மாதாந்தம் அரிசிப் பொதி கொடுப்பதைவிட மேலானது.

"திரும்ப நடப்பாரா?" என்ற கேள்விக்கு முதல் வாரத்தில் விடை இல்லை. சிலர் நடப்பார்கள், சிலர் நடக்கமாட்டார்கள். ஆனால் உயிரோடு, புண் இல்லாமல், உழைத்து, குடும்பத்தோடும் ஊரோடும் வாழ்வாரா என்ற கேள்விக்கான விடையில் பெரும் பங்கு நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை வட்ஸ்அப்பில் ஒரு வசூல் அறிவித்தல் வந்தால், பணத்தை அனுப்பும் முன் அந்த நோயாளியிடம் காற்று மெத்தை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.